கோப்பின் வாலைப் பின்தொடர்வோம்

ஒரு ரயில்வே கேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் ஒரு சிறிய அறை. அறையில் ஒரு மேசை. மேசைமேல் ஒரு பதிவேடு. வண்டி கடக்கும்போதெல்லாம் கேட் காப்பாளர் அதன் எண்ணையும் நேரத்தையும் பதிவேட்டில் ஒரு வரியாக எழுதுகிறார். அவருக்குப் பின்னால் நீங்கள் நிற்கிறீர்கள். அவர் எழுதும் ஒவ்வொரு புதிய வரியையும், வெளியே இருப்பவருக்குக் கேட்கும்படி உரக்கப் படிக்க வேண்டும். இதுதான் உங்கள் வேலை. சுலபமான வேலைதானே?

ஒரு நாள் பதிவேடு நிறைந்துவிடுகிறது. காப்பாளர் அதன் அட்டையில் ‘பழையது’ என்று எழுதி அலமாரியில் வைக்கிறார். புதிய நோட்டு ஒன்றில் அதே பெயர்ச்சீட்டை ஒட்டி, அதில் எழுதத் தொடங்குகிறார். நீங்களோ அலமாரியில் இருக்கும் பழைய பதிவேட்டின் கடைசி வரியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்! வண்டிகள் போய்க்கொண்டே இருக்கின்றன. உங்கள் வாயிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. வெளியே இருப்பவர் என்ன நினைப்பார்? ‘இன்று வண்டியே இல்லை போலும்’ என்று நினைத்துக்கொள்வார்.

இந்தத் தவறு கணிப்பொறியிலும் நேர்வதுண்டு. அதைத் தவிர்ப்பது எப்படி என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

கணிப்பொறியின் பதிவேடு

வங்கிக் கணக்குகளைக் கவனிக்கும் கணிப்பொறி, பயணச்சீட்டு முன்பதிவு செய்யும் கணிப்பொறி, தேர்வு முடிவுகளை வெளியிடும் கணிப்பொறி ஆகியவை எல்லாம் தாம் செய்யும் வேலைகளையும், தமக்கு நேரும் கோளாறுகளையும், நேரம் குறித்து ஒரு கோப்பில் வரிவரியாக எழுதி வைக்கின்றன. இதற்குப் பதிவுக் கோப்பு என்று பெயர். புதிய வரி எப்போதும் கோப்பின் கடைசியில்தான் சேரும். ஆகவே, ‘இப்போது என்ன நடக்கிறது?’ என்று அறிய விரும்பும் பொறியாளர் கோப்பின் தலையைப் பார்ப்பதில்லை, வாலைப் பார்க்கிறார்.

இதற்கென்றே ஒரு சிறிய நிரல் இருக்கிறது. அதன் பெயர் ‘டெயில்’. ஆங்கிலத்தில் வால் என்று பொருள். 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸ் என்னும் இயக்க அமைப்பை உருவாக்கத் தொடங்கினார்கள். ஒரு நிரல் ஒரு வேலையைச் செய்தால் போதும். ஆனால் அதை நன்றாகச் செய்ய வேண்டும் என்பது யூனிக்ஸில் வளர்ந்த கொள்கை. அப்படிப்பட்ட சிறு நிரல்களில் ஒன்றாக 1970களில் டெயில் சேர்ந்தது. டெயில் என்று தட்டச்சு செய்து, ஒரு கோப்பின் பெயரையும் கொடுத்தால், அக்கோப்பின் கடைசிப் பத்து வரிகள் திரையில் தோன்றும். கட்டளையுடன் ‘எஃப்’ என்ற சிறிய எழுத்தையும் சேர்த்தால், நிரல் அத்துடன் நின்றுவிடாது. காத்திருந்து, கோப்பில் புதிய வரி சேரச் சேர அதையும் காட்டும். பின்தொடர்தல் என்பதற்கான ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து அது.

யூனிக்ஸுக்குப் பிறகு பல இயக்க அமைப்புகள் வந்தன. டெயிலையும் பலர் பலமுறை புதிதாக எழுதினார்கள். 1983இல் ரிச்சர்டு ஸ்டால்மன் அறிவித்த குனூ திட்டத்தில் யூனிக்ஸின் சிறு நிரல்கள் எல்லாம் புதிதாக எழுதப்பட்டன. இன்று பெரும்பாலான லினக்ஸ் கணிப்பொறிகளில் இருப்பது அந்த டெயில்தான். ஃப்ரீபிஎஸ்டி என்னும் அமைப்பில் வேறொரு டெயில் உண்டு. அண்மை ஆண்டுகளில், லினக்ஸ், மேக், விண்டோஸ் மூன்றிலும் ஓடும்படி ரஸ்ட் மொழியில் இன்னொன்று எழுதப்பட்டிருக்கிறது.

பத்து வரி காட்டும் நிரலுக்கு இத்தனை பாடா? ஆம். நாமே ஒன்றை எழுதுவதாக வைத்துக்கொண்டு பார்ப்போம்.

முதல் வேலை: கடைசிப் பத்து வரிகள்

கோப்பை முதலிலிருந்து கடைசி வரை படித்துக்கொண்டே போய், கடைசிப் பத்து வரிகளை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளலாம். விடை சரியாகவே வரும். ஆனால் உழைப்பு எவ்வளவு? கோப்பில் 100 கோடி பைட்டுகள் இருப்பதாகவும், ஒரு வரிக்குச் சராசரியாக 100 பைட்டு என்றும் கொள்வோம். கோப்பில் 1 கோடி வரிகள் இருக்கும். நமக்கு வேண்டிய பத்து வரிகளோ வெறும் 1,000 பைட்டுகள்! ஆகையால் நேரே கோப்பின் கடைசிக்குத் தாவி, அங்கிருந்து பின்னோக்கி 4,096 பைட்டுகள் கொண்ட ஒரு துண்டை மட்டும் எடுத்துப் பார்ப்பது நல்லது. போதாவிட்டால் அதற்கு முந்திய துண்டை எடுக்கலாம். நம் கணக்கில் ஒரு துண்டே போதும். முழுக் கோப்பில் இது ஏறத்தாழ இரண்டரை இலட்சத்தில் ஒரு பங்குதான்.

துண்டுக்குள் வரிகளை எப்படி எண்ணுவது? ஒரு வரி முடிந்தது என்பதைக் காட்ட யூனிக்ஸ் வழி வந்த அமைப்புகள் 10 என்ற எண்ணைக் கொண்ட ஒரு பைட்டை இடுகின்றன. விண்டோஸில் 13, 10 என இரண்டு பைட்டுகளை இடுவது வழக்கம். இது பழைய தொலையச்சுப் பொறிகளின் மிச்சம். அவற்றில் அச்சு முனையை இடது ஓரத்துக்குக் கொண்டுவர ஒரு குறி, தாளை ஒரு வரி மேலே தள்ள ஒரு குறி என்று இரண்டு வேண்டியிருந்தன. நாம் 10ஐ மட்டும் தேடினால் இருவகைக் கோப்புகளிலும் வரி எல்லை கிடைத்துவிடும்.

பத்து வரி வேண்டுமானால் பின்னோக்கிப் பத்து முறை 10ஐக் கண்டால் போதுமா? இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். கடைசி வரியும் முடிவுக் குறியுடன் முடிந்திருந்தால், கோப்பின் கடைசி பைட்டே ஒரு 10ஆக இருக்கும். அப்போது பதினோராவது 10ஐத் தேடி, அதற்கு அடுத்த பைட்டிலிருந்து காட்ட வேண்டும். கடைசி வரி முடியாமல் பாதியில் நிற்குமானால் பத்தாவது போதும். காகிதத்தில் மூன்று வரிகளை எழுதி, கடைசி இரண்டை மட்டும் எடுப்பதாக வைத்து எண்ணிப் பாருங்கள், காரணம் விளங்கும்.

தமிழ்க் கோப்பாக இருந்தால்? இன்று பரவலாக வழங்கும் யூடிஎஃப்-8 முறையில் ‘அ’ என்ற ஒரே எழுத்து 224, 174, 133 என மூன்று பைட்டுகளாக எழுதப்படுகிறது. நம் 4,096 பைட்டுத் துண்டின் எல்லை ஓர் எழுத்தின் நடுவிலேயே விழக்கூடும். துண்டைத் தனியாக அச்சிட்டால் அரைகுறை எழுத்து வரும். ஆனால் வரி எல்லையைத் தேடுவதற்கு இதனால் கெடுதல் இல்லை. அந்த முறையில் பல பைட்டுகளால் ஆன எழுத்தின் எல்லாப் பைட்டுகளும் 128 அல்லது அதற்கு மேற்பட்ட எண்களே. 10 என்ற எண் எழுத்துக்குள் ஒளிந்திருக்க வழியே இல்லை. எனவே முதலில் வரி எல்லையைக் கண்டுபிடித்துவிட்டு, அங்கிருந்து காட்டினால் எழுத்து சிதையாது.

இரண்டாவது வேலை: காத்திருத்தல்

பத்து வரிகளைக் காட்டியாயிற்று. இனிப் பின்தொடர வேண்டும். எளிய முறை இதோ:

1. எதுவரை படித்தோம் என்பதைக் குறித்துக்கொள்.
2. கோப்பின் இப்போதைய அளவு என்ன என்று கேள்.
3. அளவு கூடியிருந்தால், கூடிய பகுதியைப் படித்துக் காட்டு, குறிப்பை மாற்று.
4. அளவு குறைந்திருந்தால், யாரோ கோப்பைத் துடைத்துவிட்டார்கள், முதலிலிருந்து தொடங்கு.
5. ஒரு நொடி உறங்கு. மீண்டும் 2க்குப் போ.

இந்த முறை எந்த இயக்க அமைப்பிலும் செல்லும். கடிதம் வந்திருக்கிறதா என்று நொடிக்கொரு முறை வாசலுக்குப் போய்ப் பார்ப்பது போன்றது இது. ஒரு நாளைக்கு 86,400 முறை! அன்று முழுவதும் ஒரு கடிதமும் வராவிட்டாலும் இத்தனை நடை. அதோடு, வந்த கடிதம் ஒரு நொடி வரை வாசலில் கிடக்கவும் கூடும்.

இதைவிட, ‘கடிதம் வந்தால் மணி அடியுங்கள்’ என்று தபால்காரரிடம் சொல்லிவிட்டு உறங்குவது மேல் அல்லவா? கணிப்பொறியில் அந்தத் தபால்காரர் இயக்க அமைப்புதான். கோப்பில் எழுத வேண்டுமானால் எந்த நிரலும் அதனிடம்தானே போக வேண்டும்! ஆனால் மணி அடிக்கும் முறையில் ஒவ்வோர் இயக்க அமைப்புக்கும் ஒரு வழக்கம் உண்டு.

ஃப்ரீபிஎஸ்டியில் 2000ஆம் ஆண்டு ‘கே-க்யூ’ என்னும் வசதி வந்தது. மேக் கணிப்பொறிகளிலும் இது உண்டு. நாம் திறந்து வைத்திருக்கும் கோப்பைக் காட்டி, ‘இதில் எழுதப்பட்டால் எழுப்பு’ என்று சொல்லி வைக்கலாம். லினக்ஸில் 2005இல் ‘ஐநோட்டிஃபை’ வந்தது. இதில் ஒரு கோப்பையும் கண்காணிக்கலாம். ஒரு கோப்புறை முழுவதையும் கண்காணிக்கலாம். குனூ டெயில் 2009இலிருந்து இதைப் பயன்படுத்துகிறது. விண்டோஸில் இந்த வேலைக்கு வழக்கமாகப் பயன்படும் ஏற்பாடு கோப்புறையைக் கண்காணிப்பது. ‘இந்தப் புறையில் இன்ன பெயருடைய கோப்பு மாறியது’ என்று சேதி வரும். அது நம் கோப்புதானா என்று நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மணியை முழுதும் நம்பலாமா?

மூன்று இடங்களில் எச்சரிக்கை தேவை.

முதலாவது, விண்டோஸில் ஒரு நிரல் எழுதுவது உடனே வட்டுக்குப் போய்ச் சேருவதில்லை. சிறிது நேரம் நினைவகத்தில் தங்கும். கோப்பின் அளவு மாறியது என்ற மணி, எழுதியது வட்டுக்குப் போகும்போதுதான் அடிக்கும். எனவே சேதி தாமதமாகலாம்.

இரண்டாவது, கோப்பு வேறொரு கணிப்பொறியில் இருந்து, வலையமைப்பு வழியாக நமக்குத் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கணிப்பொறியில் யாராவது எழுதினால் நம் லினக்ஸுக்கு அது தெரியாது. மணி அடிக்காது! அதனால்தான் இத்தகைய கோப்புகளுக்குக் குனூ டெயில் மணியை விட்டுவிட்டு, நொடிக்கொரு முறை எட்டிப் பார்க்கும் பழைய முறைக்கே திரும்பிவிடுகிறது.

மூன்றாவது, எந்த அமைப்பிலும் நேரக்கூடியது. நாம் கோப்பைக் கடைசி வரை படித்துவிட்டு, பிறகு மணிக்குச் சொல்லி வைக்கிறோம். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு கணத்தில் ஒரு வரி எழுதப்பட்டால்? படிக்கும்போது அது இல்லை. எழுதும்போது மணியும் இல்லை. அடுத்த வரி வரும் வரையில் அது தெரியாமலே கிடக்கும். அதுவே கடைசி வரியாக, ‘வட்டு நிறைந்துவிட்டது, நிற்கிறேன்’ என்ற வரியாக இருந்தால், அடுத்த வரி வரவே வராது. பரிகாரம் மிக எளிது: முதலில் மணியை ஏற்பாடு செய், பிறகு படி. வரிசையை மாற்றினாலே போதும், இடைவெளி மறைந்துவிடுகிறது.

பெயரா, பொருளா?

இப்போது கேட் காப்பாளரிடம் திரும்புவோம். பதிவுக் கோப்பும் நாளடைவில் மிகப் பெரிதாகிவிடும். ஆகவே நாளுக்கு ஒரு முறையோ வாரத்துக்கு ஒரு முறையோ அதன் பெயரை மாற்றி ஒதுக்கிவிட்டு, பழைய பெயரிலேயே ஒரு புதிய கோப்பைத் தொடங்குவார்கள். அப்போது நம் நிரல் எதைப் பின்தொடர வேண்டும்? முன்பு திறந்த அதே கோப்பையா? அல்லது அந்தப் பெயரில் இப்போது இருக்கும் கோப்பையா?

யூனிக்ஸிலும் லினக்ஸிலும் கோப்பு வேறு, அதன் பெயர் வேறு. கோப்புக்கு ‘ஐநோடு’ எண் என்று ஓர் அடையாள எண் உண்டு. பெயர் என்பது அந்த எண்ணைச் சுட்டும் சீட்டு மட்டுமே. நிரல் ஒரு கோப்பைத் திறந்துவிட்டால் அதன் கை பொருளையே பிடித்துக்கொள்கிறது. பெயரை மாற்றினாலும், ஏன், பெயரை அழித்தே விட்டாலும் பிடி நழுவாது. பெயரை மாற்றிய பிறகும் அதே கோப்பில் எழுத்து தொடருமானால் இது நல்ல குணம். எழுதுகிற நிரல் புதிய கோப்புக்கு மாறிவிட்டால், நாம் அலமாரிப் பதிவேட்டைப் பார்த்து நிற்கும் ஆள்தான்.

குனூ டெயில் இரண்டு விருப்பங்களையும் தருகிறது. சிறிய ‘எஃப்’ இட்டால் பொருளைப் பின்தொடரும். பெரிய ‘எஃப்’ இட்டால் பெயரைப் பின்தொடரும். அந்தப் பெயரில் கோப்பு சிறிது நேரம் இல்லாமற்போனாலும் விடாமல் முயலும். பெயரைப் பின்தொடர, அப்பெயருக்கு உரிய ஐநோடு எண் மாறிவிட்டதா என்று பார்க்க வேண்டும். மாறியிருந்தால் உடனே தாவிவிடக் கூடாது. பழைய கோப்பில் மீதியுள்ள வரிகளைக் கடைசி வரை படித்துவிட்டே புதியதைத் திறக்க வேண்டும். இல்லாவிட்டால் மாற்றம் நடந்த வேளையில் எழுதிய வரிகள் தொலைந்துபோகும்.

விண்டோஸில் கதை வேறு. அங்கே ஒரு கோப்பைத் திறக்கும்போதே, ‘நான் திறந்திருக்கும்போது பிறர் இதைப் படிக்கலாமா? எழுதலாமா? அழிக்கலாமா?’ என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை சொல்லியாக வேண்டும். பெயர் மாற்றுவதும் மூன்றாம் கேள்விக்குள் அடங்கும். சி மொழியின் வழக்கமான திறப்புக் கட்டளையைப் பயன்படுத்தினால், விண்டோஸில் முதல் இரண்டுக்கும் இசைவு கிடைக்கிறது, மூன்றாவதற்குக் கிடைப்பதில்லை. விளைவு என்ன? லினக்ஸில் நன்றாக ஓடிய நம் நிரலை அப்படியே விண்டோஸுக்குக் கொண்டுபோனால், பதிவுக் கோப்பின் பெயரை மாற்ற வரும் நிரலுக்கு ‘முடியாது’ என்ற விடை கிடைக்கும். வேடிக்கை பார்க்க வந்த நாம் வேலையையே நிறுத்திவிட்டோம்! மூன்று கேள்விகளுக்கும் ‘சரி’ என்று சொல்லித் திறப்பதுதான் விண்டோஸில் முதல் பாடம்.

லினக்ஸிலும் நம் இருப்பு முற்றிலும் தீங்கற்றதன்று. பெயர் அழிந்த கோப்பை நாம் பிடித்துக்கொண்டிருக்கும் வரையில் அது வட்டில் இடத்தை அடைத்துக்கொண்டே இருக்கும். பட்டியலில் கோப்பைக் காணோம். வட்டில் இடமும் இல்லை. இந்தப் புதிரில் திகைத்து நின்ற பொறியாளர்கள் பலர்.

நிரலை எப்படிப் பிரிப்பது?

பல இயக்க அமைப்புகளுக்கும் பொதுவாக ஒரு நிரல் எழுதும்போது, எது எங்கும் ஒன்று, எது இடத்துக்கு இடம் மாறும் என்று பிரிப்பதே முதல் வேலை. பத்து வரி காணுதல், படித்த இடத்தைக் குறித்தல், கோப்பு சுருங்கினால் முதலிலிருந்து தொடங்குதல், பழையதை முடித்துவிட்டுப் புதியதைத் திறத்தல் ஆகியவை எல்லாம் பொதுப் பகுதி. அது இயக்க அமைப்பிடம் மூன்று வேண்டுகோள்களை மட்டும் வைத்தால் போதும். பிறரைத் தடுக்காமல் கோப்பைத் திறந்து கொடு. அதன் அடையாள எண்ணைச் சொல். மாற்றம் வந்தால் என்னை எழுப்பு. இம்மூன்றுக்கும் லினக்ஸுக்கு ஒரு விடை, மேக்குக்கு ஒரு விடை, விண்டோஸுக்கு ஒரு விடை எழுதிக்கொள்ளலாம். கோப்புக்கு அடையாள எண் விண்டோஸிலும் உண்டு. மூன்றாவது வேண்டுகோளுக்கு ஒரு பாதுகாப்பும் வேண்டும்: மணி அடிக்காவிட்டாலும் சில நொடிகளுக்கு ஒரு முறை தானே எழுந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.

இத்தனை கவனம் எதற்கு? டெயில் தவறு செய்யும்போது பெரும்பாலும் தவறான வரியைக் காட்டுவதில்லை. ஒன்றும் காட்டாமல் இருந்துவிடுகிறது. அசையாத திரைக்கு இரண்டு பொருள் இருக்கலாம். ‘ஒன்றும் நடக்கவில்லை’ என்பது ஒன்று. ‘நான் பார்க்கவில்லை’ என்பது மற்றொன்று. தேர்வு முடிவு வெளியாகும் காலையில் திரை அமைதியாக இருக்கிறதே என்று பொறியாளர் நிம்மதியாக உட்கார்ந்திருக்க, புதிய கோப்பில் கோளாறுகள் வரிவரியாகக் குவிந்துகொண்டிருக்கலாம். நல்ல கருவியின் மௌனத்துக்கு முதல் பொருள் மட்டுமே இருக்க வேண்டும்.

செய்து பாருங்கள்

கணிப்பொறி இல்லாமலே இச்சோதனையைச் செய்யலாம். மூன்று மாணவர்கள் தேவை. ஒருவர் நோட்டில் ஒவ்வொரு வரியாக எழுதட்டும். இன்னொருவர் பத்து நொடிக்கு ஒரு முறை மட்டும் கண்ணைத் திறந்து, புதிய வரிகளைப் படிக்கட்டும். மூன்றாமவர் எப்போதாவது நோட்டை மாற்றி, அதே பெயர்ச்சீட்டை ஒட்டிவிடட்டும். படிப்பவர் ஒரு வரியையும் தவறவிடாமல் இருக்க என்னென்ன விதிகள் வேண்டும் என்று நீங்களே எழுதிப் பாருங்கள்.

லினக்ஸ் கணிப்பொறி கிடைத்தால் இரண்டு முனையச் சாளரங்களைத் திறந்துகொள்ளுங்கள். ஒன்றில் ஒரு கோப்பைச் சிறிய ‘எஃப்’ இட்டுப் பின்தொடருங்கள். மற்றதில் ‘எக்கோ’ கட்டளையுடன் இரண்டு வலக்கோணக் குறிகளை இட்டு, அக்கோப்பின் கடைசியில் வரிகளைச் சேருங்கள். பிறகு கோப்பின் பெயரை மாற்றி, பழைய பெயரில் புதிய கோப்பு ஒன்றைத் தொடங்கி எழுதுங்கள். என்ன தெரிகிறது? பெரிய ‘எஃப்’ இட்டு மறுபடியும் செய்யுங்கள். விண்டோஸில் பவர்ஷெல்லின் ‘கெட்-கன்டென்ட்’ கட்டளையுடன் ‘வெயிட்’ என்பதைச் சேர்த்துப் பின்தொடரலாம்.

ஒரு கேள்வி

நம் ஐந்து படி முறையில், 500 பைட்டு வரை படித்துவிட்டு ஒரு நொடி உறங்குகிறோம். அந்த ஒரு நொடிக்குள் ஒருவர் கோப்பைத் துடைத்துவிட்டு, புதிதாக 600 பைட்டுகளை எழுதிவிடுகிறார். விழித்ததும் நம் நிரல் என்ன செய்யும்? எத்தனை பைட்டுகளைக் காட்டும், எத்தனையைத் தவறவிடும்? அளவை மட்டும் கேட்டு இதைக் கண்டுபிடிக்க முடியுமா? வேறு என்ன கேட்கலாம்? உங்கள் விடையை வகுப்பில் நண்பர்களுடன் விவாதியுங்கள்.